தொடர்பின் உயிர்நிலை
கடலடித் தந்தி முதல் கணினித் தரவுத்தளம் வரை

தொலைவிலுள்ள இருவர் தம்முட் பேசுவதற்கு ஒரு வழி வேண்டும். வழி இருந்தால் மட்டும் போதாது; பேசும் வேளையில் அது திறந்திருக்கின்றது என்னும் உறுதியும் வேண்டும். பண்டைக் காலத்திலே தூதனை அனுப்பிய அரசன், அவன் மீண்டு வருமளவும் காத்திருந்தான். தூதன் வாராதொழியின் அவன் மாண்டானோ, வழியிலே தாமதித்தானோ என்பதை அரண்மனையில் இருந்தவாறே அறிதல் அரசனுக்கு இயலாததாயிற்று. மின்தந்தியும் தொலைபேசியும் கணினியும் தோன்றிய பின்னர்ச் செய்தியின் வேகம் பன்மடங்கு பெருகியது. ஆயினும் அரசனுடைய ஐயம் தீர்ந்தபாடில்லை. அது வேகமாக எழும் ஐயமாக மாறியதே கண்ட பயன்.

இவ்வையத்தின் வேர் யாது? மௌனம் இருவகைப்படும். சொல்வதற்கு ஒன்றும் இல்லாமையால் எழும் மௌனம் ஒன்று. சொல்லும் வழி அற்றுப்போனமையால் எழும் மௌனம் மற்றொன்று. கேட்போன் செவிக்கு இவ்விரண்டும் ஒன்றே. இவற்றை வேறுபிரித்தறியும் முயற்சியே இக்கட்டுரை கூறும் வரலாறாகும். இன்று வங்கிக் கணக்குகளும் வைத்தியசாலைப் பதிவுகளும் கணினித் தரவுத்தளங்களிலே காக்கப்படுகின்றன. அத்தளங்களுக்குச் செல்லும் தொடர்பு உயிரோடுளதா என்னும் வினாவைக் கணினிகள் இரவும் பகலும் எழுப்பிக்கொண்டேயிருக்கின்றன. அவ்வினா கணினியோடு பிறந்ததன்று. கடலின் அடியிலே பிறந்தது.

1858: அத்திலாந்திக்கு வடம்

அயர்லாந்தின் வலென்சியாத் தீவையும் வட அமெரிக்காவின் நியூபவுண்லாந்தையும் இணைக்கும் கடலடித் தந்தி வடத்தை இடும் முயற்சி 1857 இலே தொடங்கித் தோல்வியுற்றது. அடுத்த ஆண்டிலே பிரித்தானியக் கப்பலாகிய அகமெம்னனும் அமெரிக்கக் கப்பலாகிய நயாகராவும் நடுக்கடலிற் சந்தித்து, தத்தம் வடத்தின் முனைகளைப் பிணைத்து, எதிரெதிர்த் திசைகளிற் செல்லலாயின. வடத்தினூடே இரு கப்பல்களும் இடையறாது மின்சைகைகளைப் பரிமாறிக்கொண்டன. அச்சைகை வரும்வரை வடம் முழுமையாக உள்ளது என்பது கருத்து.

1858 ஆனி மாதத்திலே நிகழ்ந்த ஒரு சம்பவம் இங்கு நோக்கற்பாலது. ஒவ்வொரு கப்பலும் ஏறத்தாழ 40 மைல் வடத்தை இட்ட நிலையிலே சைகை திடீரென நின்றது. அகமெம்னனில் இருந்தோர் நயாகராவிலே வடம் அறுந்தது எனக் கொண்டனர். நயாகராவில் இருந்தோர் அகமெம்னனிலே அறுந்தது எனக் கொண்டனர். இரு கப்பல்களும் குறித்த இடத்துக்கு மீண்டு வந்து சந்தித்தபோது, வடம் எவ்வாறு அறுந்தது என ஒவ்வொரு சாராரும் மற்றச் சாராரை வினவினர். உண்மையில் வடம் இரு கப்பல்களிலும் அறுந்திலது. இடையே கடலின் ஆழத்திலே பழுதுற்றிருந்தது. தொடர்பு அற்றது என்பதை ஒரு முனையிலிருந்து அறியலாம். எங்கே, யாரால், எதனால் அற்றது என்பதை அம்முனையிலிருந்து மட்டும் அறிதல் எளிதன்று என்னும் பாடத்தை அன்றே கடல் கற்பித்தது.

மீண்டும் முயன்று, 1858 ஆவணி 5 ஆந் திகதி வடம் இடப்பெற்றது. ஆவணி 16 ஆந் திகதி விக்ரோறியா மகாராணியார் அமெரிக்க சனாதிபதி புக்கானனுக்கு விடுத்த 98 சொற்கொண்ட வாழ்த்துச் செய்தி கடலைக் கடப்பதற்கு ஏறக்குறைய 16 மணித்தியாலம் பிடித்தது. அதற்கு முந்திய நாள்களிலே வடத்தினூடு சென்றவற்றுட் பெரும்பகுதி செய்திகளே அல்ல. எமது குறிகள் வருகின்றனவா, வாசிக்க முடிகின்றதா, மெதுவாக அனுப்புக, மீண்டும் அனுப்புக என்றவாறான வினாக்களும் வேண்டுகோள்களுமே அவை. செய்தி சொல்வதற்கென இடப்பட்ட வடம் தன் உயிரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. 1956 ஆம் ஆண்டு முதல் இலங்கையை வாழிடமாகக் கொண்ட ஆதர் சி. கிளார்க் 1958 இலே வெளியிட்ட 'வொய்ஸ் அக்ரொஸ் த சீ' என்னும் நூல் இவ்வடங்களின் வரலாற்றை விரித்துரைப்பதாகும்.

வடத்தின் பொறுப்பு வைல்ட்மன் வைற்கவுஸ் என்பாரிடம் இருந்தது. இவர் அறுவை வைத்தியராக இருந்து மின்னியலிற் புகுந்தவர். குறிகள் நலிவுற்றபோது மின்னழுத்தத்தை உயர்த்துதலே தக்க பரிகாரம் எனக் கருதி, பெரிய தூண்டற் சுருள்களைக் கொண்டு ஏறத்தாழ 2,000 வோல்ற் அழுத்தத்தை வடத்திற் செலுத்தினார். அவரோடு கருத்து மாறுபட்டவர் பின்னாளிலே கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தொம்சன். குறியை வலுவாக அனுப்புதல் வேண்டா. அதனை நுண்மையாக உணரும் கருவியே வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்கென அவர் அமைத்த ஆடிக் கல்வனோமானியிலே, சிறு காந்தத்தோடு பொருத்திய கண்ணாடித் துண்டொன்று மிக நலிந்த மின்னோட்டத்துக்கும் அசைந்து, ஒளிப்புள்ளியைத் திரையிலே நகர்த்தும்.

ஆவணி முடிவிலே, கனடாவிலிருந்து இரு படைப்பிரிவுகள் புறப்பட வேண்டா என்னும் கட்டளை இவ்வடத்தினூடு சென்றது. இந்தியாவில் 1857 இல் எழுந்த கிளர்ச்சி தணிந்து வந்தமையால் அப்படைகள் தேவைப்படவில்லை. அவ்வொரு செய்தியாற் பிரித்தானிய அரசுக்குச் சுமார் 50,000 பவுண் செலவு மீந்தது என்பர். புரட்டாதி 1 ஆந் திகதி நியூயோர்க்கு நகரம் வடத்தின் வெற்றியைப் பெருவிழாவாகக் கொண்டாடியது. அன்றே வடத்தின் தெளிவான குறிகள் ஓய்ந்தன. பின்னர் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு 1861 இலே அறிக்கை வெளியிட்டது. வடத்தின் ஆக்கத்திலேயே குறைகள் இருந்தன. மிகைப்பட்ட மின்னழுத்தம் அதன் முடிவை விரைவுபடுத்தியது. நோயாளி உயிரோடிருக்கின்றானா என அறியும்பொருட்டு அவனை ஓங்கி அடித்ததை ஒத்தது வைற்கவுஸின் செயல்.

1865–1866: காத்திருந்த ஒளிப்புள்ளி

1865 இலே கிறேற் ஈஸ்ரேண் என்னும் மாபெருங் கப்பல் புதியதொரு வடத்தைத் தாங்கிச் சென்றது. வடத்தின் காவலுறையைச் சிறு கம்பித் துண்டுகள் ஊடுருவியிருந்தமை சோதனைகளால் அறியப்பட்டு, பழுதான பகுதிகள் மீள இழுக்கப்பட்டுத் திருத்தப்பெற்றன. எனினும் சோதனை முறையிலேயே ஒரு குறை இருந்தது. காவலுறையின் நன்னிலையைச் சோதிப்பதும் கரையோடு தொடர்பு உளதா எனச் சோதிப்பதும் வெவ்வேறு வேளைகளிலேயே செய்யப்பட்டன. ஒன்றைச் சோதிக்கும்போது மற்றொன்று கவனிப்பாரற்றிருந்தது. அவ்விடைவேளையிலே பழுதான பகுதி கப்பலைவிட்டுக் கடலினுள் இறங்கிவிடவும் கூடும். ஆவணி 2 ஆந் திகதி, சுமார் 1,200 மைல் வடம் இடப்பட்ட நிலையில், பழுதொன்றைத் திருத்த மீள இழுத்தபோது வடம் அறுந்து ஆழத்தில் வீழ்ந்தது.

1866 ஆம் ஆண்டு முயற்சிக்கு வில்லபி சிமித் என்னும் மின்னியலாளர் புதிய முறையொன்றை வகுத்தார். கரைமுனையிலே மிக உயர்ந்த தடையொன்றை இணைத்து, காவலுறைச் சோதனை இடையறாது நடைபெறும்போதே கரையோடு சைகைகளையும் பரிமாறத்தக்கதாக அஃது அமைந்தது. அவ்வாண்டு ஆடி 27 ஆந் திகதி புதிய வடம் நியூபவுண்லாந்தை அடைந்தது. இம்முறையிலிருந்து எதிர்பாராத பயனொன்றும் விளைந்தது. பின்னாளிலே உயர்தடையாகச் செலீனியக் கோல்களைப் பயன்படுத்தியபோது, அவற்றின் தடை ஒருபோது ஒருவாறும் மற்றொருபோது வேறாகவும் இருந்தது. ஆராய்ந்தபோது, ஒளி பட்டாற் செலீனியத்தின் தடை குறைகின்றது என்பது தெரியவந்தது. 1873 இலே வில்லபி சிமித் இதனை வெளியிட்டார். ஒளியை மின்னாக உணரும் கருவிகளின் வரலாறு இவ்வாறு, ஒரு வடம் உயிரோடுளதா என்னும் வினாவின் ஓரத்திலே தொடங்கியது.

புதிய வடத்தை இட்ட கிறேற் ஈஸ்ரேண், முன்னைய ஆண்டில் வீழ்ந்த வடத்தைத் தேடி நடுக்கடலுக்கு மீண்டது. இதற்கிடையிலே வலென்சியாக் கரையில், அறுந்த வடத்தின் முனையிலே இணைத்த கல்வனோமானியின் ஒளிப்புள்ளியை ஓராண்டிற்கு மேலாக இரவும் பகலும் ஒருவர் மாறி ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தனர். நிலவுலகின் இயற்கை மின்னோட்டங்களால் அப்புள்ளி சில வேளைகளிற் கண்டபடி அலையும். பொருளற்ற அவ்வசைவை உயிரின் அடையாளமாகக் கொள்ளுதல் கூடாது. 1866 புரட்டாதி 2 ஆந் திகதி அதிகாலையிலே, பலமுறை முயன்று தவறிய பின், வடத்தின் முனை கப்பலுக்கு இழுத்தெடுக்கப்பட்டது. சோதனை அறையிலே வில்லபி சிமித் அதனைக் கருவியோடு இணைத்தபோது, சூழ நின்றோர் மூச்சும் விடாது நின்றனர். வலென்சியாவிலே ஒளிப்புள்ளியின் ஒழுங்கற்ற அலைவு நின்று, எழுத்துக்களாக வாசிக்கத்தக்க ஒழுங்கு தோன்றியது. கரையிலிருந்து விடையும் வந்தது. இறந்ததெனக் கொண்ட வடம் பதின்மூன்று மாதங்களின் பின் பேசிற்று. அசைவு உயிரன்று, கேட்டதற்குப் பொருந்திய விடையே உயிர் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

மௌனத்தை அபாயமாகக் கொள்ளல்

கேட்டு அறிதல் ஒரு வழி. கேளாமலே அறியும் மற்றொரு வழியும் உண்டு. அமெரிக்கரான வில்லியம் றொபின்சன் புகையிரதப் பாதைச் சைகைகளை ஆராய்ந்தவர். அவர் முதலில் அமைத்த முறையிலே, புகையிரதம் வரும்போது மட்டுமே மின்னோட்டம் சென்று அபாயக் குறியை இயக்கும். கம்பி அறுந்தாலோ மின்கலம் செயலிழந்தாலோ குறி இயங்காது. பாதை வெறுமையாக உள்ளது என்றே சாரதி எண்ணுவான். இக்குறையை உணர்ந்த அவர், முறையைத் தலைகீழாக்கி, 1872 இலே மூடிய சுற்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார். இதிலே தண்டவாளங்களினூடு மின்னோட்டம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அவ்வோட்டத்தினால் தாங்கப்படும் மின்காந்தமே பாதை திறந்துள்ளது என்னும் குறியைக் காட்டும். புகையிரதம் வந்தாலும், தண்டவாளம் உடைந்தாலும், மின்கலம் ஓய்ந்தாலும் ஓட்டம் நின்று அபாயக் குறி தோன்றும். மௌனம் நலம் எனக் கொள்ளப்பட்ட நிலை மாறி, மௌனமே அபாயம் எனக் கொள்ளப்பட்டது. இன்றைய கணினிகள் ஒன்றுக்கொன்று குறித்த இடைவேளைகளில் அனுப்பும் 'இதயத்துடிப்பு' என்னும் குறிகள் இக்கொள்கையின் வழிவந்தவையே.

கணினி வலையமைப்புக்கள்

1969 ஐப்பசி 29 ஆந் திகதி இரவு, அமெரிக்காவிலே ஆர்ப்பாநெற் என்னும் வலையமைப்பினூடு முதற் செய்தி அனுப்பப்பட்டது. லொஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திலிருந்து, ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிலையத்துக் கணினியினுட் புகுவதற்கான சொல்லின் எழுத்துக்கள் ஒவ்வொன்றாக அனுப்பப்பட்டன. இரு முனைகளிலும் இருந்தோர் தொலைபேசியிற் பேசி, எழுத்து வந்ததா எனக் கேட்டறிந்தனர். இரண்டு எழுத்துக்கள் சென்றதும் மறுமுனைக் கணினி நிலைகுலைந்தது. புதிய தொடர்பு உயிரோடுளதா என்பதை அறிய அன்று பழைய தொடர்பொன்றே துணைநின்றது.

இணையத்தின் அடிப்படையான ரி.சி.பி. என்னும் நெறிமுறை 1981 இலே ஆர்.எவ்.சி. 793 என்னும் ஆவணமாக வெளிவந்தது. இந்நெறியிலே தொடர்பு என்பது கம்பியன்று. இரு முனைகளிலும் உள்ள கணினிகள் தத்தம் நினைவில் வைத்திருக்கும் குறிப்பேயாம். பேசுவதற்கு ஒன்றும் இல்லாதபோது இரு முனைகளுக்கும் இடையே யாதும் செல்வதில்லை. ஒரு கணினி திடீரென அணைந்து மீண்டும் எழுமாயின் அது தன் குறிப்பை மறந்துவிடும். மற்றையதோ தொடர்பு உளது என்றே கருதிக்கொண்டிருக்கும். இந்நிலையை அவ்வாவணம் 'பாதி திறந்த தொடர்பு' எனக் குறிக்கின்றது. 1858 இலே நடுக்கடலில் நேர்ந்த மயக்கம் இங்கு வேறு வடிவிலே தோன்றுகின்றது.

இதற்குப் பரிகாரமாகப் பேச்சற்ற தொடர்பினூடு இடையிடையே சிறு வினாக்குறியை அனுப்பும் வழக்கம் எழுந்தது. 1989 இலே வெளிவந்த ஆர்.எவ்.சி. 1122 இவ்வழக்கத்தை ஐயத்துடனேயே நோக்கிற்று. சிறிது நேரத் தடங்கலால் நல்ல தொடர்பும் முறிக்கப்படலாம். வீண் போக்குவரத்து உண்டாகும். அதற்குக் கட்டணமும் செலுத்த நேரலாம் என்பன அது காட்டிய தடைகள். ஆதலின் இவ்வசதி வேண்டுவோர் கேட்டாலன்றி இயங்குதல் கூடாது எனவும், இயல்பான இடைவேளை இரண்டு மணித்தியாலத்திற் குறைதல் கூடாது எனவும், ஒரு வினாவுக்கு விடை வாராமை கொண்டே தொடர்பு இறந்தது எனத் துணிதல் கூடாது எனவும் அது விதித்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் இயல்பான அமைப்பிலே, 7,200 செக்கன் மௌனத்தின் பின் முதல் வினா செல்லும். விடை இன்றேல் 75 செக்கனுக்கு ஒருமுறையாக ஒன்பது வினாக்கள் வரை செல்லும். எனவே இறந்த தொடர்பை இறந்ததென அறிய இரண்டு மணித்தியாலம் 11 நிமிடத்துக்கு மேலாகும். காத்திருக்கும் மனிதனுக்கு இது மிக நீண்ட பொழுது.

தரவுத்தளத் தொடர்பு

தரவுத்தளத்தோடு புதிய தொடர்பை ஏற்படுத்துதல் காலமும் உழைப்பும் வேண்டும் செயல். இருபுறமும் அறிமுகஞ் செய்தல், கடவுச்சொல்லைச் சரிபார்த்தல், நினைவிடம் ஒதுக்குதல் முதலியன நிகழ்தல் வேண்டும். ஆதலின் செயலிகள் சில தொடர்புகளை முன்னரே திறந்து ஒரு தொகுதியாக வைத்து, வேண்டும்போது எடுத்துப் பயன்படுத்தி, மீண்டும் தொகுதியில் இடுகின்றன. பயன்படாதிருக்கும் பொழுதிலேயே அத்தொடர்புகள் இறக்கின்றன. மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளம் இயல்பாக 28,800 செக்கன், அதாவது எட்டு மணித்தியாலம், பேசாதிருக்கும் தொடர்பைத் தானே முடித்துவிடும். இடையிலுள்ள பாதுகாப்பு அரண்கள் அதனினும் விரைவில் மறந்துவிடுவதும் உண்டு. மாலையில் நன்கு இயங்கிய செயலி, இரவு முழுதும் ஓய்ந்திருந்து, காலையில் முதலில் வருபவனுக்கு மட்டும் பிழை காட்டுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

இதனைக் கண்டறிய முயல்வோர் முதலில் நாடுவது, தொடர்பு மூடப்பட்டதா எனத் தம் முனையிலேயே கேட்பதாகும். ஜாவா மொழியின் தரவுத்தள இடைமுகத்திலே அவ்வாறு கேட்கும் கட்டளை தொடக்கம் முதலே உண்டு. ஆனால் அது, இம்முனையிலே தொடர்பை மூடும் கட்டளை இடப்பட்டதா என்பதையே கூறும். மறுமுனையின் நிலையைக் கூறாது. தன் வீட்டுக் கதவு திறந்திருக்கின்றமை கண்டு, அடுத்த ஊர் நண்பன் வீட்டில் உளன் எனக் கூறுவதை இஃது ஒக்கும். ஆதலின் தரவுத்தளத்துக்கு உண்மையிலேயே ஒரு சிறு வினாவை அனுப்பி விடைபெறும் வழக்கம் வேரூன்றியது. 'செலெக்ட் 1' என்பது அவ்வினா. ஒன்று என்னும் எண்ணைத் தருக என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. விடை வருதலே அதன் பயன். 2006 இறுதியில் வெளிவந்த ஜாவா 6 ஆம் பதிப்பிலே, இத்தனை செக்கனுக்குள் விடை வேண்டும் என்னும் எல்லையோடு தொடர்பின் நன்னிலையைச் சோதிக்கும் தனிக் கட்டளை சேர்க்கப்பட்டது. எல்லையின்றிக் காத்திருக்கும் சோதனை தானும் ஒரு மௌனமாகிவிடும் ஆதலின், அவ்வெல்லை இன்றியமையாதது.

எவரிடம் கேட்பது என்பதும் கருதற்பாலது. ரி.சி.பி. நெறியின் வினாவுக்கு விடை தருவது மறுமுனை இயங்குதளமே. தரவுத்தளம் செயலற்று உறைந்திருப்பினும் அவ்விடை வரும். மைக் மூஸ் என்பார் 1983 மார்கழியில் ஆக்கிய 'பிங்' என்னும் கருவியும், கணினி உளது என்பதை மட்டுமே காட்டும். வாயிற்காவலன் விழித்திருக்கின்றான் என்பதாலே வீட்டுத்தலைவனும் விழித்திருக்கின்றான் என முடிவுசெய்தல் பொருந்தாது. எவனுடைய பணி வேண்டுமோ, அவனிடமே கேட்டல் வேண்டும்.

அறிவின் எல்லை

இவ்வளவு முயன்றும் முழு உறுதி கிட்டுமா? கிட்டாது என்பதைக் கணினியியல் அறிஞர் தருக்க முறையில் நிறுவியுள்ளனர். 1975 இலே அக்கொயுன்லு, ஏகநாதம், ஹூபர் ஆகியோர் எழுப்பிய பிரச்சினை, 1978 இலே ஜிம் கிறே என்பாரால் இரு தளபதிகள் பிரச்சினை எனப் பெயர்பெற்றது. இரு மலைகளில் உள்ள தளபதியர் பகைவர் நிறைந்த பள்ளத்தாக்கினூடு தூதரை அனுப்பி, தாக்கும் வேளையை உடன்பட முயல்கின்றனர். தூதன் பிடிபடலாம் ஆதலின் விடை வேண்டும். விடை சென்றதோ என அறிய மறுவிடை வேண்டும். இவ்வாறு முடிவின்றிச் செல்லும். இறுதிச் செய்தியை அனுப்பியவன் எப்போதும் ஐயத்தில் நிற்பான். 1985 இலே பிஷர், லிஞ்ச், பற்றர்சன் ஆகிய மூவரும், செய்தி வருவதற்குக் கால எல்லை இல்லாத அமைப்பிலே ஒரு கணினி இறக்கக்கூடுமாயின், எஞ்சியவை எப்போதும் ஒரு முடிவை எய்தும் எனத் திண்ணமாகக் கூறத்தக்க முறை எதுவும் இல்லை என நிறுவினர். இறந்ததையும் தாமதிப்பதையும் வேறுபிரித்தறிய இயலாமையே அதன் அடிப்படை. அரண்மனையிற் காத்திருந்த அரசனின் ஐயம் இவ்வாறு ஒரு தேற்றமாயிற்று.

மேலும், வந்த விடையும் கடந்த காலத்தைப் பற்றியதே. தொடர்பு நலமாக உள்ளது என்னும் விடை வந்து சேர்ந்த மறுகணமே அது அறுதல் கூடும். வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை மாற்றுக என்னும் கட்டளையை அனுப்பியபின் தொடர்பு அறுமாயின், கட்டளை சேருமுன் அற்றதோ, பணம் மாற்றப்பட்டு விடை வரும் வழியில் அற்றதோ என்பதை அனுப்பியவன் அறியான். சோதித்துத் தொடங்கியமை இங்கு அவனைக் காவாது. ஆதலின் ஒவ்வொரு கட்டளைக்கும் தனி எண் இட்டு, இருமுறை வரினும் ஒருமுறையே நிறைவேறும் வண்ணம் அமைத்தல் வேண்டப்படுகின்றது. உயிரைச் சோதித்தல் தோல்வியைக் குறைக்குமேயன்றி ஒழிக்காது. தோல்வியின்பின் தவறின்றி மீளத்தொடங்கும் ஆற்றலே முதன்மையானது.

சோதனையே கேடாதல்

வைற்கவுஸின் கதை ஒன்றரை நூற்றாண்டின் பின் வேறொரு வகையிலே மீண்டது. மறைக்குறியீட்டுத் தொடர்புகள் உயிரோடுளவா எனச் சோதிக்கும் 'இதயத்துடிப்பு' விரிவொன்று 2012 இலே ஆர்.எவ்.சி. 6520 என வகுக்கப்பட்டது. ஒரு முனை சில எழுத்துக்களை அவற்றின் எண்ணிக்கையோடு அனுப்பும்; மறுமுனை அவற்றையே திருப்பி அனுப்பும். ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளிலே, சொல்லப்பட்ட எண்ணிக்கை உண்மையானதா எனச் சரிபார்க்கும் வரி விடுபட்டிருந்தது. சிலவற்றையே அனுப்பி மிகப் பல அனுப்பியதாகக் கூறுபவனுக்கு, கணினி தன் நினைவிலிருந்து 64 கிலோபைற் வரை எடுத்துக் கொடுத்தது. அதனுட் கடவுச்சொற்களும் இரகசியத் திறவுகோல்களும் இருத்தல் கூடும். 2014 சித்திரை 7 ஆந் திகதி 'ஹார்ட்பிளீட்' என்னும் பெயரால் இக்குறை வெளிப்பட்டது. உயிரோடுளதா எனக் கேட்கும் வாயிலே உயிர்நிலையைத் திறந்துகாட்டும் வாயிலாயிற்று.

இவ்வரலாற்றிலே கருவிகள் மாறின, கொள்கை மாறவில்லை. தன் முனையை மட்டும் பார்த்து மறுமுனையின் உயிரை அறிதல் இயலாது. கேட்டுப் பெற்ற விடையே சான்று. கேட்பது மென்மையாகவும், எல்லையோடும், உரியவரிடமும் கேட்கப்படுதல் வேண்டும். பெற்ற விடை கடந்த கணத்துக்கே உரியது என்பதை மறவாது, அடுத்த கணத்துக்கான ஆயத்தமும் உடன் செய்தல் வேண்டும். தொம்சனின் கண்ணாடித் துண்டு வடத்தை வருத்தாது அதன் உயிரை உணர்ந்தது. றொபின்சனின் சுற்று, தான் பழுதுற்றபோதும் மனிதனைக் காத்தது. தொடர்பை உறுதியெனக் கொண்டோர் அல்லர், அதன் நிலையாமையை ஏற்றுக்கொண்டோரே நிலைக்கத்தக்க தொடர்புகளை அமைத்தனர் என்பது இவ்வரலாறு தரும் முடிபாகும்.